பட்டையைக் கழற்றிய ஒன்பது நாட்கள்

அறுவை சிகிச்சை செய்துகொண்டவன் பேனாவை எடுத்தால் வலியைப் பற்றித்தான் ஆரம்பிப்பான் என்று நினைப்பீர்கள். எனக்கும் வலி இருந்தது, நிறையவே இருந்தது. ஆனால் அதைச் சொல்லி யாரிடமும் ‘ஐயோ பாவம்’ வாங்கிக்கொள்ள எனக்கு வாயில்லை. ஒரே தோளை இரண்டு தடவை அறுத்திருக்கிறார்கள். முதல் தடவைக்கு என் வேலை காரணம். இரண்டாவது தடவைக்கு நான் காரணம். அதோடு நிற்காமல் பழியைத் தூக்கி ஒரு பெண்ணின் தலையில் போட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கை இன்னும் ஆஸ்பத்திரியில் கட்டிவிட்ட பட்டைக்குள்தான் இருக்கிறது. முழங்கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு எழுத டாக்டர் அனுமதி உண்டு.

என் பெயர் குமரேசன். வயது ஐம்பத்திரண்டு. கொச்சி மட்டாஞ்சேரியில் குடியிருக்கிறேன். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் எங்கள் தமிழ் ஆட்களின் சலவைத் துறை இருக்கிறது. முப்பது வருடமாக அங்கே துணி வெளுக்கிறேன். லாட்ஜ் படுக்கை விரிப்பு, ஓட்டல் மேஜைத் துணி, தலையணை உறை, எல்லாம் வரும். அடிப்பது, அலசுவது, கொடியில் போடுவது என் வேலை. தேய்த்து மடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பது என் மனைவி மாரியின் வேலை.

எங்கள் கொடியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நாங்கள் கிளிப் போடுவதில்லை. இரண்டு கயிறுகளை ஒன்றாக முறுக்கி ஆள் உயரத்துக்கு மேலே இழுத்துக் கட்டியிருப்போம். கையைத் தூக்கி, கட்டைவிரலால் முறுக்கை விலக்கி, துணியின் முனையை நடுவே செருகினால் கயிறே பிடித்துக்கொள்ளும். எந்தக் காற்றுக்கும் விழாது. பார்க்கிறவர்களுக்கு வித்தை மாதிரி இருக்கும். எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை மேலே போகிறது என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

ஒரு நாள் தொட்டியிலிருந்து ஈர மூட்டையைத் தூக்கும்போது வலது தோளுக்குள் ஏதோ சுரீர் என்று இழுத்தது. மறுநாள் தலை வார முடியவில்லை. சட்டை போட இடது கை வந்து வலது கையைத் தூக்கிவிட வேண்டியிருந்தது. இரண்டு மாதம், இங்கே ‘குழம்பு’ என்று சொல்கிற கெட்டி ஆயுர்வேதத் தைலத்தைத் தேய்த்தேன். தேய்த்துவிட்ட வைத்தியர் நரம்பு பிசகியிருக்கிறது என்றார். மாரிதான், “தைலம் தேய்ச்சுத் தேய்ச்சு மெத்தையெல்லாம் நாறுது. இனி ஒரு வாரம் கூடப் பொறுக்க மாட்டேன், சொல்லிட்டேன்” என்று பாலம் தாண்டி எர்ணாகுளத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

எலும்பு டாக்டர் மெதுவாகப் பேசுகிறவர். தமிழ்நாட்டில் படித்தவர் என்பதால் எங்களோடு தமிழ் கலந்தே பேசுவார். கையைப் பிடித்து அப்படியும் இப்படியும் தள்ளச் சொல்லிப் பார்த்துவிட்டு எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். சவப்பெட்டி மாதிரி குழாய்க்குள் அரை மணி நேரம் படுத்துக்கிடந்தேன். யாரோ வெளியிலிருந்து தகரத்தைத் தட்டுகிற சத்தம். படம் வந்ததும் டாக்டர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வரைந்து காட்டினார்.

தசையை எலும்போடு பிடித்து வைத்திருக்கும் வாருக்குத் தசைநாண் என்று பெயர். தோளைச் சுற்றி அப்படி நான்கு உண்டு. கையைத் தூக்கும்போது எலும்பின் உருண்டை குழியை விட்டு நழுவாமல் பார்த்துக்கொள்வது அவைதான். எனக்கு மேலே இருக்கிற நாண் எலும்பிலிருந்து முழுதாகப் பிய்ந்து உள்ளே சுருங்கியிருந்தது.

“தைச்சா சரியாயிடுமா டாக்டர்?”

“தைக்கிறது என் வேலை, அது ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும். ஒட்ட வேண்டியது உங்க உடம்பு. அதுக்குத்தான் நாள் ஆகும்” என்றார்.

பிறவியில் அந்த இடத்தில் மெத்தென்ற நாண் கொஞ்சம் கொஞ்சமாகக் குருத்தெலும்பாகி, குருத்தெலும்பு இறுகி எலும்பாகிறதாம். எங்கே நாண் முடிகிறது, எங்கே எலும்பு தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. அந்த இணைப்பை உடம்பு மறுபடி அதே மாதிரி செய்வதில்லை. தைத்த பிறகு வருவது வடு. வெட்டுக்காயம் ஆறினால் தோலில் ஒரு தடிப்பு இருக்குமே, அந்த ஜாதி. அது இறுக மாதக்கணக்காகும், இறுகினாலும் பழைய பலம் வராது. தைத்த நாண் மறுபடி பிய்ந்துபோவது அபூர்வம் அல்ல என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அதைக் குறைக்கத்தான் உலகம் முழுக்க டாக்டர்கள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்கிறார்களாம். இவர் எலும்பின் மேற்பரப்பைச் சுரண்டி, பொடித் துளைகள் போட்டு, உள்ளே இருக்கும் ரத்தத்தைக் கசியவிட்டு, அதன் மேல் நாணை வைத்துக் கட்டுவார். ஒட்டவைக்கும் சத்து அந்த ரத்தத்தில் இருக்கிறது என்றார்.

“பீடி உண்டா?”

“உண்டு.”

“இன்னையோட நிறுத்துங்க. புகை போனா ஒட்டாது.”

நிறுத்தினேன். சத்தியமாக நிறுத்தினேன். இந்தக் கதையில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

முதல் அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. தோளில் நான்கு சிறு ஓட்டைகள், எலும்பில் நூல் கோத்த இரண்டு குட்டி ஆணிகள். கண் விழித்தபோது கை என்னுடையது மாதிரியே இல்லை. மரத்துப்போய், விலாவுக்கும் கைக்கும் நடுவே ஒரு தலையணை வைத்து, தோளிலும் இடுப்பிலும் பட்டை போட்டுக் கட்டியிருந்தார்கள். கிழிசல் பெரிது, எட்டு வாரம் இந்தப் பட்டை கழலக்கூடாது என்றார் டாக்டர்.

அந்த நாட்களெல்லாம் மாரி என்னைக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டாள். மல்லாந்து படுக்க முடியாது என்று பழைய சாய்வு நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். மீனில் முள் எடுத்துக் கொடுத்தாள். குளிப்பாட்டும்போது, “ஆட்டாதீங்க, ஆட்டாதீங்க” என்று பாட்டு மாதிரிச் சொல்லிக்கொண்டே இருப்பாள். மகள் அனு கல்லூரியில் இரண்டாம் வருடம். காலையில் அவசரமாகக் கிளம்புகிறவள், என் பல்துலக்கியில் பேஸ்ட் வைத்துவிட்டுத்தான் போவாள். இத்தனையும் வாங்கிக்கொண்ட ஆள் செய்த வேலையைப் பாருங்கள்.

அதற்கு முன் ஜின்சியைச் சொல்லவேண்டும். பிசியோதெரபி செய்கிற பெண். வைட்டிலாப் பக்கத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஸ்கூட்டரில் வருவாள். வயது இருபத்தேழு, இருபத்தெட்டு இருக்கும். தைத்த தோளை அசைக்காமலே வைத்தால் நன்றாக ஒட்டும், ஆனால் மூட்டு இறுகிப் பூட்டு விழுந்துவிடும். சீக்கிரம் அசைத்தால் பூட்டு விழாது, ஆனால் ஒட்டுவது கெட்டுப்போகலாம். இது டாக்டர்களுக்குள்ளேயே தீராத வழக்கு. இந்த ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் யாரும் தோளைத் தொடமாட்டார்கள். ஜின்சிதான் டாக்டரோடு வாதாடி, இரண்டாவது வாரத்திலிருந்தே மெல்ல அசைத்துப் பார்க்க அனுமதி வாங்கியிருந்தாள். நோயாளி தன் சக்தியைத் துளியும் போடக்கூடாது. அவள் உள்ளங்கையில் நம் கை பிணம் மாதிரிக் கிடக்கவேண்டும்.

“சேட்டா, நீங்க தூக்கண்டா. நான் தூக்கும். நீங்க சும்மா கிடந்தா மதி” என்பாள். நான் தூக்க வேண்டாம், சும்மா கிடந்தால் போதும் என்று அர்த்தம். எத்தனை டிகிரி வரை கை வந்தது என்று அளந்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பக்கம். அந்த நோட்டை வைத்துத்தான் டாக்டர் இனி எல்லோருக்கும் எது நல்லது என்று முடிவு செய்யப்போகிறார் என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் தலையாட்டினேன்.

ஆறாவது வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் திரையைப் பார்த்து, “பிடிச்சிருக்கு” என்றார். ஜின்சி திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். “இன்னும் ரெண்டு வாரம் பட்டை. பச்சை மண் மாதிரி இருக்கு இப்ப” என்று டாக்டர் அடுத்துச் சொன்னது என் காதில் ஏறவே இல்லை. பிடித்துவிட்டதல்லவா!

ஏழாவது வாரம் வீட்டில் இருப்பு கொள்ளாமல் துறைக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன். கை போன ஆளைப் பார்க்கிற மாதிரி எல்லோரும் பார்ப்பதாக எனக்குத் தோன்றியது. அப்படி யாரும் பார்க்கவில்லை. அது என் திமிர். முதல் நாளே மழை வந்தது. மழை வந்தால் எங்கள் துறையில் யார் துணி என்று பார்ப்பதில்லை. கைக்கு எட்டியதை உருவிக்கொண்டு ஓடவேண்டும், பிரிப்பதெல்லாம் அப்புறம். பெண்களெல்லாம் ஓடினார்கள். மாரி அந்தக் கோடியில் இரண்டு கொடியைத் தனியாக உருவிக்கொண்டிருந்தாள். நான் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். என்னால் முடியவில்லை. பட்டையை அவிழ்த்துப் போட்டுவிட்டு என் தலைக்கு மேல் இருந்த கொடியில் கை வைத்தேன். பன்னிரண்டு விரிப்பு உருவினேன். மாரி திரும்பி வருவதற்குள் பட்டையை மாட்டிக்கொண்டேன்.

வலிக்கவே இல்லை. அதுதான் என்னைக் கெடுத்தது.

மழையில் செய்ததை நான் மன்னித்துக்கொள்வேன். அது பழக்கம், கை தானாகப் போய்விட்டது. மறுநாள் செய்ததற்கு மன்னிப்பில்லை. காலை பத்து மணிக்கு மாரி துணி கொடுக்கக் கிளம்பியதும் பட்டையைக் கழற்றினேன். தலையணை உறை, கைக்குட்டை, நாப்கின் என்று பொடித் துணிகளாக எடுத்து, மற்றவர்கள் கண்ணில் படாத பின்வரிசைக் கொடியில் செருகினேன். பாரம் தூக்கக்கூடாது என்றுதானே டாக்டர் சொன்னார், கைக்குட்டை ஒரு பாரமா என்று எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்தேன். கையைத் தானாக மேலே கொண்டுபோவதே அந்த நாணுக்குப் பாரம்தான் என்று ஜின்சி ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். இந்த டாக்டர்கள் இப்படித்தான் பயமுறுத்துவார்கள், உழைக்கிற உடம்பைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும் என்று ஒரு மிதப்பு. பதினொன்றரைக்கு மாரி வருவதற்குள் மறுபடி பட்டை. இப்படி ஒன்பது நாள். நடுவில் இரண்டு நாள் ஜின்சியிடமும் போய், அவள் கையில் பிணம் மாதிரி நல்ல பிள்ளையாகக் கிடந்துவிட்டு வந்தேன்.

ஒன்பதாவது நாள் ஆசை முற்றி ஒரு ஈர விரிப்பை எடுத்தேன். கை மேலே போனபோது, தோளுக்குள் சட்டைப் பொத்தான் தெறிக்கிற மாதிரி ‘டப்’ என்று ஒன்று. பிறகு சூடு பரவியது. விரிப்பு என் தலை மேல் விழுந்தது. அதை முகத்திலிருந்து விலக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

மறுநாள் வீங்கிவிட்டது. மாரி பதறிப்போய் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். நாண் தைத்த இடத்திலிருந்து மறுபடி பிய்ந்திருந்தது.

“உள்ளதைச் சொல்லுங்க. விழுந்தீங்களா? எதையாவது தூக்கினீங்களா? பட்டையைக் கழட்டினீங்களா?”

மாரி என் பக்கத்தில் நின்றாள். ஜின்சி நோட்டோடு வாசலில் நின்றாள். “ஒண்ணும் இல்ல டாக்டர்” என்றேன். அதோடாவது வாயை மூடியிருக்கலாம். “வியாழக்கிழமை எக்சர்சைஸ் முடிஞ்சு போனதுலேருந்துதான் ஒரு மாதிரியா இருந்துச்சு” என்றேன். சொல்லும்போது ஜின்சியின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வேதன உண்டோன்னு நான் கேட்டேனே சேட்டா. இல்லன்னு சொன்னீங்களே” என்றாள் அவள்.

டாக்டர் கையை நீட்டி அவளிடமிருந்து நோட்டை வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும் மாரி அவளைப் பிடித்துக்கொண்டாள். நடைபாதையில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, “உன் அப்பனா இருந்தா இப்படி இழுத்திருப்பியாடீ? ஏழு வாரம் கண்ணுல வச்சுக் காப்பாத்தினேனே!” என்று கத்தினாள். ஜின்சி, “சேச்சி, நான் அளந்துதான் செய்தது, சேச்சி” என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். கண் நிறைந்துவிட்டது. நான் பக்கத்திலேயே நின்றேன். ஒரு வார்த்தை போதும், ஒரே ஒரு வார்த்தை.

அதோடு முடியவில்லை. புகார் எழுதிக் கொடுக்கவேண்டும் என்று மாரி பிடிவாதம் பிடித்தாள். எங்கள் வீட்டில் எந்தக் காகிதமும் அனுதான் எழுதவேண்டும். நான் பத்தாவது வரை படித்தது ராஜபாளையத்தில், அத்தை வீட்டில். மலையாளம் தட்டுத் தடுமாறி வாசிப்பேன், எழுத வராது. மாரிக்கு இரண்டும் வராது. அனு பள்ளிக்கூடம் முழுக்க மலையாளத்தில் படித்தவள். ரேஷன் கார்டு, வார்டு ஆபீஸ், பள்ளிக்கூட லீவ் லெட்டர், எல்லாம் அவள் கை. எழுதி முடித்துவிட்டு, “அப்பா, நெஜமாவே அவங்க செஞ்சப்பதான் வலிச்சுதா?” என்று கேட்டாள்.

“ஆமா” என்றேன். பட்டைக்குள்ளிருந்து நீட்டிய விரல்களால் தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டாவது அறுவை சிகிச்சைக்கு முன் வீக்கம் வற்றவேண்டும் என்று ஆறு வாரம் தள்ளி நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின வாரம் ரத்தப் பரிசோதனைக்குத் தனியாகப் போயிருந்தேன். காத்திருக்கும் இடத்தில் திருப்பூணித்துறையிலிருந்து வருகிற ரமா டீச்சர் இருந்தார். எனக்கு ஐந்து வாரம் கழித்து அவருக்கும் அதே தோள், அதே ஆபரேஷன் நடந்திருந்தது. முன்பெல்லாம் பார்த்தால் பட்டையை ஆட்டி வணக்கம் வைப்பார். அன்று அவர் பின்னல் கோணலாக இருந்தது. நான் பார்ப்பதைக் கவனித்துச் சிரித்தார்.

“இவரு பின்னினது” என்று கணவரைக் காட்டினார். “எனக்கு கை மேல போகல்ல. இறுகிப்போச்சு. சாக்பீஸ் பிடிச்சு போர்டில் எழுத எப்ப முடியும்னு தெரியல்ல.”

“ஏன் டீச்சர், ஜின்சி பார்த்தாங்களே?”

“நிறுத்திட்டாங்கல்லோ. யாரோ ஒருத்தருக்கு ஜின்சி செய்து கிழிஞ்சுபோச்சாம். புகார் கொடுத்தாங்களாம். அதுக்கப்புறம் ஆறு வாரத்துக்கு யாருக்கும் தொடண்டான்னு டாக்டர் சொல்லிட்டார். ஜின்சிய மேல வார்டுக்கு மாத்திட்டாங்க. பாவம், நல்ல குட்டி.”

அந்த யாரோ ஒருத்தன் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, “அப்படியா” என்றான்.

பஸ்ஸில் திரும்பும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் தோள் போனது என்னோடு போகட்டும். ஜின்சியின் நோட்டில் என் பக்கத்தில் ‘சீக்கிரம் அசைத்தோம், பிய்ந்தது’ என்று இருக்கும். டாக்டர் அதை நம்பித்தான் டீச்சருக்குக் கையைத் தொடவேண்டாம் என்றிருக்கிறார். இனி வருகிற ஒவ்வொரு தோளுக்கும் அதையேதான் சொல்லப்போகிறார். ஒட்டுவதற்கு எது நல்லது என்று அவர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்; நான் அதற்குள் ஒரு பொய்யைச் செருகிவிட்டு வந்திருக்கிறேன்.

அன்று மாலை அனு கல்லூரியிலிருந்து வந்து சாயா குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். “ஆஸ்பத்திரிக்கு இன்னொரு லெட்டர் எழுதணும்” என்றேன். அவள் பேப்பர் எடுத்தாள். மாரி இரண்டடி தள்ளி விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நானே எழுத முடிந்திருந்தால் இவர்களுக்குத் தெரியாமல் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். என் கோழைத்தனத்துக்கு அதுதான் வசதி. ஆனால் எழுத்தில் கொடுத்த புகாரை எழுத்தில்தான் திரும்ப வாங்க முடியும், எனக்கோ மலையாளம் எழுத வராதே. மகளிடம் சொல்லாமல் ஒரு வரி கூட அந்தக் காகிதத்தில் ஏறாது.

“நான் முன்பு கொடுத்த புகார் பொய்.”

அனு எழுதவில்லை. “என்னப்பா?”

“எழுது. நான் பட்டையைக் கழட்டிட்டு ஒன்பது நாள் கொடியில துணி போட்டேன். அதுல பிஞ்சதுதான். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல.”

இஸ்திரிப் பெட்டியை ஸ்டாண்டில் வைக்கும் சத்தம் கேட்டது. அனு பேனாவை மேஜையில் வைத்தாள். “அந்தச் சேச்சி பேரை நான் எழுதினேன்ப்பா. என் கையால எழுதினேன். உங்ககிட்ட கேட்டுட்டுத்தானே எழுதினேன்” என்றாள். தலையைக் குனிந்துகொண்டேன்.

“நான் டெலிவரிக்குப் போன நேரத்துலயா?” மாரி கேட்டாள்.

“ஆமா.”

“நான் அந்தப் பொண்ணைப் பிடிச்சுக் கத்தினேனே. அப்ப நீங்க பக்கத்துலதானே நின்னீங்க.”

“ஆமா.”

மாரி இஸ்திரிப் பெட்டியை மறுபடி கையில் எடுத்தாள். அனு கண்ணைத் துடைத்துவிட்டுக் கடிதத்தை முழுதாக எழுதினாள். எழுதியதை வழக்கமாக எனக்கு வாசித்துக் காட்டுவாள். அன்று வாசிக்கவில்லை, கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் விரலால் காட்டினாள்.

மறுநாள் மூன்று பேரும் போனோம். டாக்டர் கடிதத்தைப் படித்துவிட்டு மேலே வார்டுக்கு ஆள் அனுப்பி ஜின்சியை வரச் சொன்னார். அவள் நின்றுகொண்டே படித்தாள். கோபப்படுவாள், அழுவாள், ஏதாவது சொல்லித் திட்டுவாள் என்று தயாராக நின்றேன். அவள் டாக்டரின் மேஜையிலிருந்த தன் பழைய நோட்டை எடுத்து என் பக்கத்தைப் பிரித்தாள்.

“முதல் நாள் எத்தனை துணி?”

“பன்னிரண்டு விரிப்பு உருவினேன்.”

“அடுத்த நாள்?”

“முப்பது நாப்பது பொடித்துணி இருக்கும்.”

“ஓரோ துணிக்கும் எத்தனை தவண கை தலைக்கு மேல போகும்?”

“ரெண்டு தடவை. ரெண்டு முனை.”

“எட்டு நாளும் இதே போல?”

“கூடக்குறைய.”

அவள் எழுதினாள். எங்கள் மூன்று பேருக்கும் முன்னால் ஒவ்வொரு நாளாகக் கேட்டு எழுதினாள். மாரி அந்த எண்களையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள். எழுதி முடித்த பிறகுதான் ஜின்சி நிமிர்ந்தாள். “ஆறாம் வாரம் ஸ்கேன் பார்த்துட்டு நான் வீட்ல போய் அம்மாகிட்ட சொன்னேன் சேட்டா. ஒரு தோள் நல்லா பிடிச்சுதுன்னு சொன்னேன்” என்றாள்.

மாரி போய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “மோளே, நான் அன்னிக்கு வாய்க்கு வந்தபடி...” என்று ஆரம்பித்தாள்.

“சேச்சிக்குத் தெரியாதல்லோ. அது சாரமில்ல” என்றாள் ஜின்சி. பரவாயில்லை என்பதைச் சேச்சிக்கு மட்டும்தான் சொன்னாள். என் பக்கம் திரும்பவில்லை. எனக்குச் சேரவேண்டியதும் அதுதான்.

இரண்டாவது அறுவை சிகிச்சை மூன்று மணி நேரம் பிடித்தது. நாணின் முனை நைந்து போயிருந்ததால் அதன் மேல் ஒரு ஒட்டு வைத்துத் தைத்திருக்கிறார்கள். ஒட்டு என்றால் பதப்படுத்திய தோலில் செய்த மெல்லிய துண்டு. உடம்பு மெல்ல அதற்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும் என்று நம்பிக்கை. பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம் என்றார் டாக்டர். பிடித்தாலும் கை தோள் உயரம் வரை வந்தால் அதிகம். கொடி அதற்கு மேலேதான் இருக்கிறது. முதல் தடவையே ஒழுங்காக இருந்திருந்தால் எட்டியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை.

ஜின்சியைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். ரமா டீச்சருக்கு மறுபடி பயிற்சி நடக்கிறது. காது வரை கை வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். ‘யாரோ ஒருத்தன்’ நான்தான் என்று அவரிடம் சொன்னேன். அவர் எழுந்து வேறு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

இந்த முறை பத்து வாரம் பட்டை. வீட்டுக்கு வந்த முதல் நாள் மாரி எனக்குப் பட்டையை மாட்டிவிட்டு, ஊசியில் கறுப்பு நூலைக் கோத்து, பக்கிள் இருக்கும் இடத்தில் பட்டையை என் பனியனோடு சேர்த்துத் தைத்தாள். பட்டன் வைத்துத் தைப்பது போல நாலு சுற்று, ஒரு முடிச்சு. காலையில் குளிப்பாட்டும்போது கத்தரியால் அறுப்பாள், துடைத்துவிட்டு மறுபடி தைப்பாள். பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போனபோது ஜின்சி அதைப் பார்த்துவிட்டுத் தன் மேஜையிலிருந்து கத்தரியை எடுத்து வந்து அறுத்தாள். பயிற்சி முடிந்ததும் மாரி கைப்பையிலிருந்து ஊசியை எடுத்தாள். அத்தனை நோயாளிகளுக்கு நடுவே என்னை உட்காரவைத்துத் தைத்தாள். தேவையில்லை, கழற்ற மாட்டேன் என்று சொல்ல எனக்கு எந்த முகம் இருக்கிறது? அசையாமல் உட்கார்ந்து கொடுத்தேன். இப்படி ஆறு வாரம் ஆகிவிட்டது.

இன்று காலை குளிப்பாட்டிய பிறகு பட்டையை மாட்டினாள். ஊசியைத் தேடவில்லை. மடித்த துணி மூட்டையை எடுத்துக்கொண்டு டெலிவரிக்குப் போய்விட்டாள். மறந்துவிட்டாளா, வேண்டுமென்றே விட்டுப்போனாளா என்று எனக்குத் தெரியவில்லை. சாய்வு நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவே இல்லை. தாகமாக இருந்தது, தண்ணீர் குடிக்கக்கூடப் போகவில்லை. பதினொன்றரைக்கு அவள் வந்தாள். செருப்பைக் கூடக் கழற்றாமல் நேராக என் முன்னால் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து பக்கிளைத்தான் பார்த்தாள்.